மண்ணிலும் முள்ளிலும் இருக்கும் கரும்பூஞ்சை மனிதருக்கு நோய் தருமா? கொரோனா காலத்தில் வந்ததும் இதுதானா?

நோய் தரும். அதில் ஒன்றுதான் 'மதுரா கால்', எங்கள் பெரியப்பா காலிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் 2021இல் எல்லாரும் பயந்த 'கருப்புப் பூஞ்சை' வேறு. அது மியூகோர் வகை. பூஞ்சையில் கருநிறம் கிடையாது, அது அழித்த சதைதான் கருத்துப்போகும். நீங்கள் கேட்பவை மெலனின் நிறமியைத் தங்கள் செல்சுவரிலேயே வைத்திருப்பவை. நம் உடலின் எதிர்ப்பையும் மருந்தையும் அவை தாங்கி நிற்க அந்த மெலனினும் உதவுகிறது.

பெரியப்பா ராமநாதபுரம் பக்கம் கருவேல விறகு வெட்டியவர். செருப்புப் போட்டு நான் பார்த்ததே இல்லை. முள் தைத்தால் ஊக்கால் கிளறி எடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். எந்த முள்ளோ, எப்போதோ. பாதத்தில் ஒரு கட்டி வந்தது, துளியும் வலியில்லை. வலித்திருந்தால் சீக்கிரம் போயிருப்பார். ஒரு கிளினிக்கில் இரண்டு தடவை கீறி அனுப்பினார்கள், இரண்டு தடவையும் திரும்ப வந்தது. பிறகு பாதமே வீங்கி, அங்கங்கே துளை விழுந்து கசிய ஆரம்பித்தது.

அரசு மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் முதலில் கேட்டது: "கசியிறதுல குருணை மாதிரி ஏதாவது வருதாய்யா?" வந்துகொண்டுதான் இருந்தது, கடுகை நுணுக்கியது போல. மண் ஒட்டியிருக்கிறது என்று பெரியம்மா தினமும் துணியை அலசிப் போட்டுக்கொண்டிருந்தார்!

அந்தக் குருணையின் நிறத்தில்தான் விஷயமே இருக்கிறது. கருப்பு என்றால் பூஞ்சை. சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளை, மஞ்சள் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், சதைப் பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும். பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாட்டிக், பூஞ்சைக்கு இட்ராகோனசோல் போன்ற மாத்திரை மாதக்கணக்கில், பெரும்பாலும் அறுவையும் சேர்த்து. பெரியப்பாவுக்கு மாத்திரை, அறுவை இரண்டும் நடந்தது, கால் தப்பியது.

மதுரையில் பார்த்த நோயாளிகளைப் பற்றி கில் என்ற மருத்துவர் 1842இல் எழுதியதிலிருந்து இந்த நோய்க்கு வந்த பெயர்தான் 'மதுரா கால்'. பூஞ்சைக்கே மதுரெல்லா என்று பெயர். இன்று சூடானில்தான் இதன் கொடுமை அதிகம். உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்ததே 2016இல்தான்.

வெறுங்காலோடு காட்டில், வயலில் வேலை செய்கிறவர் வீட்டில் இருந்தால், வலிக்காத கட்டியை விட்டுவைக்காதீர்கள். கசிவு இருந்தால் கட்டிய துணியை அலசாமல் அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.