குருகின் கால்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றத்தில் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' போட்டார்கள். படம் முடிந்ததும் கலந்துரையாடல். வயலில் பூக்கும் காஷ் என்ற புல்லின் பூ என்றால் கனவு, ரயில் என்றால் நவீனம், சிறுவன் அபு எடுத்துக்கொண்டு போகும் குடை என்றால் பொறுப்பு என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டே போனார்கள். படம் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பேச்சைக் கேட்டதும் எல்லாம் வற்றிவிட்டது. வகுப்பிலும் இதே கதைதான். குறுந்தொகை 25ஆம் பாட்டுக்கு 'குருகு: பயனற்ற சாட்சி' என்று எழுதினால் மதிப்பெண் உறுதி.

படிமங்களை இப்படிப் பிரித்துப் போடுவது அவசியம்தானா? அந்தப் பாட்டை எழுதிய கபிலரும் படம் எடுத்த ராயும் இதையெல்லாம் நினைத்துத்தான் செய்தார்களா? படிமத்தைப் பற்றிப் பேசப் பேச பாட்டில் வரும் பெண்ணும், படத்தில் வரும் அக்கா துர்காவும் தம்பி அபுவும் எங்கேயோ காணாமல் போய்விடுகிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் அந்தக் கலந்துரையாடலில் நானும் பல முறை உட்கார்ந்திருக்கிறேன். ஊர்தான் வேறு. இளவயதில் நானே அப்படிப் பேசியும் இருக்கிறேன். எனவே யாரையும் கிண்டல் செய்யும் தகுதி எனக்கு இல்லை.

உங்கள் வகுப்பில் சொல்லும் பொருள் தவறு இல்லை. மீனில் கண்ணாக இருக்கும் பறவை சாட்சி சொல்லாது என்பது உரைகாரர்கள் சொல்லிவந்த பொருள்தான். ஆனால் அந்தப் பொருள் கிடைத்ததும் பாட்டை மூடிவிடுகிறோம். அங்கேதான் ஆள் காணாமல் போகிறார். முதலில் பாட்டைப் பார்ப்போம்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

தலைவி தோழியிடம் சொல்கிறாள். அவன் என்னைச் சேர்ந்த அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினைத் தாள் போன்ற சின்னப் பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் இருந்தது. அவ்வளவுதான் பாட்டு.

பல வருஷங்களுக்கு முன்பு இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். குருகின் கூரிய அலகு, அதில் தெரியும் ஆணின் வேட்கை என்று இரண்டு பத்தி. ஒரு நண்பர் படித்துவிட்டு, "பாட்டில் அலகு எங்கேய்யா இருக்கு?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். இல்லை. கால்தான் இருக்கிறது. குருகு என்றால் அலகு இருந்தாக வேண்டும் என்று நானே ஒட்டவைத்திருக்கிறேன். குறியீட்டைத் தேடும் அவசரத்தில் பறவையையே பார்க்கவில்லை.

ஏன் கால்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவள் குனிந்திருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் பார்வை போனது நீரோரம், கீழே. அங்கே தெரிந்தது கால்தான். சரி, அந்தக் காலுக்கு ஏன் தினைத் தாள்? அவள் குறிஞ்சி நிலத்துப் பெண். தினைப்புனம் காக்கும் பெண்களின் ஊர். மெல்லிசாகப் பசுமையாக எதைப் பார்த்தாலும் அவளுக்குத் தினைத் தாள்தான் ஞாபகம் வரும். நெய்தல் நிலத்துப் பெண்ணாக இருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள். பெயர் இல்லை, வயது இல்லை, முகம் இல்லை. ஆனாலும் அந்த ஓர் உவமையில் அவள் எந்த ஊர்க்காரி, அன்று எப்படி நின்றிருந்தாள் என்பது வரைக்கும் வந்துவிடுகிறது.

அப்புறம் அந்தக் 'குருகும்'. யாரும் இல்லை என்று ஆரம்பித்தவள், என்ன செய்வேன் என்று தவித்துவிட்டு, கடைசியில் துழாவித் துழாவி ஒரு பறவையை எடுக்கிறாள். பொருள் தொலைத்தவர் வெறும் பையையே திரும்பத் திரும்பக் கவிழ்த்துப் பார்ப்பது போல. அந்த 'உம்' இல்லாவிட்டால் அது இயற்கை வருணனை. இருப்பதால் அது அவளுடைய பயம்.

அதனால் 'இந்தப் படிமத்துக்கு என்ன பொருள்' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 'இதை யார் பார்க்கிறார், ஏன் இதைப் பார்த்தார்' என்று முதலில் கேட்டுப் பாருங்கள். படிமத்தில் இருந்து ஆளுக்குப் போகும் வழி எனக்குத் தெரிந்து அதுதான்.

சினிமாவில் இது இன்னும் சிக்கல். கேமராவுக்குத் தினைத் தாள் தெரியாது. காலைக் காட்டினால் அலகும் சேர்ந்தே வரும். எனவே ஆளின் பார்வையைக் காட்ட இயக்குநர் வேறு வழி பார்க்க வேண்டும். அபுவின் குடையையே எடுத்துக்கொள்வோம். துர்கா இறந்த பிறகு அபு தானே பல் தேய்க்கிறான், தானே தலை வாருகிறான். முன்பு போர்வைக்குள் கிடந்தவனைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பியது அக்கா. இப்போது வெளியே கிளம்பியவன் வானத்தைப் பார்க்கிறான். திரும்பிப் போய்க் குடையை எடுத்து இடுக்கிக்கொண்டு நடக்கிறான். பொறுப்பு வந்துவிட்டது என்று உங்கள் மன்றத்தில் சொன்னதும் சரிதான். ஆனால் அவன் பார்த்தது வானத்தை. மழையில் ஆசைதீர நனைந்துதான் அவன் அக்கா காய்ச்சலில் விழுந்தாள். மழை என்ன செய்யும் என்று அந்தப் பையனுக்கு இப்போது தெரியும். 'பொறுப்பு' என்ற சொல்லில் அந்த வானம் இல்லை.

அடுத்து, துர்கா இறந்த பிறகு அபு கையில் கிடைக்கும் அந்தப் பாசிமணி மாலை. படத்துக்கு மூலமான பிபூதிபூஷண் பந்தோபாத்யாயின் நாவல் 1929இல் புத்தகமாக வந்தது, படம் 1955. நாவலில் அபுவுக்குக் கிடைப்பது துர்கா திருடி ஒளித்துவைத்த தங்கக் குங்குமச் சிமிழ். அதை மூங்கில் காட்டுக்குள் வீசிவிடுகிறான். படத்தில் அது பாசிமணி மாலை. வீசுவது குளத்தில். எழுத்தில் மூங்கில் புதர் போதும், அங்கே யாரும் போகப்போவதில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். படத்தில் அந்த வரியை யார் சொல்வது? மாலை விழுகிறது, பாசி விலகுகிறது, நீர் தெரிகிறது, பிறகு மெல்ல மூடிக்கொள்கிறது. அபு நின்று பார்க்கிறான். அக்காவைத் திருடி என்று பழித்தபோது அம்மாவே அவளை முடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளியிருக்கிறாள். திருடியது உண்மைதான் என்பது இனி அவனுக்கு மட்டும் தெரியும். அவன் அதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. அந்தக் குளக்கரையில் வேறு யாரும் இல்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாம்தான் குருகு.

ராய் நினைத்துச் செய்தாரா என்று கேட்டிருந்தீர்கள். படம் எடுப்பதற்குப் பல வருஷங்கள் முன்பே, 1940களில், இந்த நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தவர் அவர். நாவலில் துர்கா ரயிலைப் பார்க்காமலேயே போய்விடுகிறாள். நோயில் படுத்துக்கொண்டு, ஒருநாள் ரயில் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்கிறாள். படத்தில் இருவரையும் காஷ் பூக்களுக்கு நடுவே ஓடவிட்டவர் ராய். யோசிக்காமல் இதைச் செய்திருக்க முடியாது. ஆனால் எல்லாம் யோசனையும் இல்லை. 1952 அக்டோபரில் அந்த வயலில் ஒரு நாள் படம்பிடித்துவிட்டு அடுத்த வாரம் திரும்பிப் போனால், பூ ஒன்றுகூட இல்லை. மாடுகள் மேய்ந்துவிட்டன. மறுபடி பூக்கும்வரை காத்திருந்து மிச்சத்தை எடுத்தார்கள். காஷ் பூ என்றால் கனவு என்று சொன்ன உங்கள் நண்பருக்கு இதைச் சொல்லுங்கள். மாடுகளுக்கு அது தீவனம்.

ரயில் நவீனம் என்பதைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை. இருக்கலாம். துர்கா ஓடும்போது தடுக்கி விழுகிறாள், அபுதான் தண்டவாளம் வரை போகிறான். எனக்கு அது போதும்.

ஒரு வேலை தருகிறேன். வெளியூரில் இருந்து திரும்பும் அப்பா ஹரிஹர், மகள் இறந்தது தெரியாமல், வாங்கிவந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். துர்காவுக்கு ஒரு புடவை. அம்மா சர்பஜயா அதை வாங்கி வாயில் வைத்து அழுத்திக்கொள்கிறாள். அவள் கதறும் இடத்தில் அவள் குரல் இல்லை, தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம்தான் கேட்கிறது. அந்தப் புடவையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். குறியீடு என்ற சொல் வேண்டாம். முன்பு மகளின் முடியைப் பிடித்து இழுத்த அதே கைகளைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.