மாரிக்கு முன் அடீனியம்: ஒட்டுக் கன்று வளர்ப்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கிழக்கிலங்கையில் மாரி மழை நெருங்கும் நேரம் என்பதால் அடீனியம், அதாவது பாலைவன ரோஜா, பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கல்லடியிலிருந்து ஒரு தங்கச்சி: அக்கா, ஒட்டுக் கன்று என்று சொல்லி விதைக் கன்றைவிடப் பல மடங்கு விலை கேட்கிறார்கள். அப்படி என்ன வித்தியாசம்?

அடுக்கு இதழ்ப் பூவின் விதையைப் போட்டால் அதே பூ வரும் என்று நம்ப முடியாது. பெரும்பாலும் வேறொன்றுதான் வரும். கிளையை வெட்டி நட்டால் பூ மாறாது, ஆனால் விதைக் கன்றுக்கு வருவதுபோல அடி அழகாகப் பருக்காது. விதையில் முளைத்துப் பருத்த அடியும் விரும்பிய பூவும் ஒரே செடியில் வேண்டுமென்றால் அந்த அடியின் மேல் விரும்பிய பூவின் கிளைத் துண்டை ஒட்டுவதுதான் வழி. தாய்லாந்திலும் தாய்வானிலும் உருவாக்கிய இரண்டடுக்கு, மூன்றடுக்குப் பூக்கள் நம் வீடுகளுக்கு இப்படித்தான் வருகின்றன. ஆனால் தங்கச்சி, சாதாரண இளஞ்சிவப்பு ஒற்றைப் பூவே உங்களுக்குப் போதுமென்றால் விதைக் கன்றை வாங்குங்கள். முதன்முதலாக வளர்ப்பவருக்கு அதையே நான் சொல்வேன்.

காத்தான்குடியிலிருந்து ஒரு நானா: பூத்திருக்கும் கன்றாகப் பார்த்து வாங்குவதுதானே நல்லது?

பூ இருந்தால் நிறம் உண்மையா என்று தெரியும், நானா. அதற்குமேல் அது எதையும் சொல்லாது. கன்றின் உயிர் அடியில் இருக்கிறது. பெருவிரலால் சுற்றிவர அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. முழுவதும் சற்றுச் சுருங்கி, ஆனால் உறுதியாக இருந்தால் வெறும் தாகம்தான், தண்ணீர் கண்டதும் தேறிவிடும். ஒரு பக்கம் மட்டும் மெதுமெதுவென்று அமுங்கினாலோ, பழுப்பு நீர் கசிந்தாலோ இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். சில கடைகளில் அடியின் மேல் மண்ணைக் குவித்து வைத்திருப்பார்கள். கேட்டுவிட்டு விரலால் விலக்கிப் பாருங்கள்.

அடுத்தது ஒட்டு. ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெளிவாகத் தெரிய வேண்டும். மேலே ஒட்டிய கிளைத் துண்டான ஒட்டுமுளை சொந்தமாகப் பல இலைகள் விட்டிருக்க வேண்டும். இரண்டு இலையோடு நிற்பதை வாங்கினால் பிடித்ததா இல்லையா என்று நீங்கள்தான் காத்திருந்து பார்க்க வேண்டியிருக்கும். சுற்றிய பிளாஸ்ரிக் நாடா தண்டை இறுக்கிப் பள்ளம் விழுத்தியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். ஒரே அடியில் மூன்று நான்கு நிறம் ஒட்டிய கன்று பார்க்க ஆசையாக இருக்கும். அதில் வலுவான நிறம் மற்றவற்றை அமுக்கிவிடும், அதை அவ்வப்போது வெட்டிக் கட்டுப்படுத்த வேண்டும். நீல நிற அடீனியம் என்று படம் காட்டி விதை விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு நிறம் இந்தச் செடியில் இல்லை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் ஐயா: சென்ற மாரியில் இரண்டு ஒட்டுக் கன்றுகள் அழுகிப் போயின. நாளாந்தம் கவனித்தும் ஏன் இப்படி?

ஐயா, உங்களைப்போல எழுதியவர்கள்தான் இம்முறை அதிகம். ஆபிரிக்காவின் வறண்ட நிலங்களிலும் அரேபியாவிலும் வளரும் செடி இது. அங்கே எப்போதாவது பெய்யும் மழையை அடியில் சேமித்து வைத்துக்கொண்டு வாழ்கிறது. நமக்கோ ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரைக்குள் கொட்டிவிடுகிறது. வேர் நாட்கணக்கில் ஈரத்தில் நின்றால் காற்றில்லாமல் நலிந்து, பூஞ்சணம் புகுந்து, அழுகல் மேலேறும். வெளியே இலை வாடத் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

ஒக்டோபரிலேயே சாடிகளைக் கூரைக்குக் கீழே எடுத்துவிடுங்கள். வாடை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிப்பதால் முன் விறாந்தை கிழக்குப் பார்த்திருந்தால் பயனில்லை. வீட்டின் தெற்கு அல்லது மேற்குப் பக்கத் தாழ்வாரம் நல்லது. சாடியைச் செங்கல் மேல் வையுங்கள், கீழே தட்டு வேண்டாம். இடமில்லாதவர்கள் தெளிந்த பொலித்தீனைக் கூரையாக மட்டும் கட்டலாம். பக்கங்களை மூடினால் உள்ளே புழுங்கி இன்னும் கெடும். இலைகள் கொட்டும், அதைப் பார்த்து இரங்கித் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அடி கெட்டியாக இருக்கும்வரை செடி நலமாக இருக்கிறது.

அழுகல் கண்டால் அன்றே பிடுங்குங்கள். மண்ணைக் கழுவி, சுத்தமான வெள்ளைச் சதை தெரியும்வரை கத்தியால் வெட்டி எடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிற்றில் துடையுங்கள். வெட்டு வாயில் கறுவாத் தூளோ கரித்தூளோ பூசி, மழை படாத நிழலில் வாய் காய்ந்து இறுகும்வரை வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். பிறகு உலர்ந்த கலவையில் நட்டு, மேலும் சில நாள் தண்ணீர் காட்டாதீர்கள். அழுகல் அடி முழுவதையும் தின்று ஒட்டுக்குக் கிட்ட வந்துவிட்டால் அடியைக் கைவிட்டு, மேலே நல்லதாக இருக்கும் கிளையை வேறொரு கன்றில் ஒட்டி அந்தப் பூவையாவது காப்பாற்றுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: கடற்கரை மணலில் நடலாமா? என்ன கலவை?

கடல் மணல் வேண்டாம். உப்பும் உண்டு, பொடியாகவும் இருக்கும். ஆற்றுக் குருமணல் இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, நன்கு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, அதோடு உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத் துண்டு ஒரு கைப்பிடி. உங்கள் பக்கம் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை. உமியை வாங்கிக் கருக்கிக்கொள்ளுங்கள், பச்சை உமி போடாதீர்கள். தும்புத்தூள் ஈரத்தை விடாமல் பிடித்து வைப்பதால் நான் சேர்ப்பதில்லை. ஊற்றிய தண்ணீர் மேலே தேங்காமல் உடனே கீழே வழிய வேண்டும். வாவிக் கரை வீடுகளில் கிணற்று நீர் உவராக இருந்தால் இலை நுனி கருகும். இடைக்கிடை நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: பாலைவனச் செடிதானே, கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் தண்ணீர் விடாமலே இருக்கலாமா?

கூடவே கூடாது! வெயிலில்தான் அது வளர்கிறது, அப்போது அதற்குத் தண்ணீர் வேண்டும். மேல்மண் காய்ந்ததும் அடித்துளையால் வழியும்வரை ஊற்றுங்கள். சின்னச் சாடிக்குக் கச்சான் காற்று வீசும் நாட்களில் தினமும் தேவைப்படலாம். அந்தக் காலத்தில் இலை மங்கி, கீழ்ப்புறம் நுண்ணிய வலை தெரிந்தால் அது சிற்றுண்ணி. காலையில் இலையின் அடிப்புறத்தை நீரால் பீய்ச்சிக் கழுவுங்கள்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு தம்பி: அடுக்குச் சிவப்பு வாங்கினேன். இப்போது ஒற்றை இளஞ்சிவப்புதான் பூக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்பட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், தம்பி. அந்தக் கிளை ஒட்டுக்குக் கீழே ஒட்டுக்கட்டையிலிருந்து, அதாவது அடியாக நிற்கும் விதைக் கன்றிலிருந்து, கிளம்பியிருக்கிறதா பாருங்கள். அப்படியானால் அடியோடு நீக்கிவிடுங்கள். அதை விட்டால் உணவு முழுவதையும் இழுத்துக்கொண்டு மேலுள்ள சிவப்பைச் சாகடித்துவிடும்.

திருக்கோவிலிலிருந்து: இலை செழிப்பாக இருக்கிறது, பூ இல்லை. வெட்டிவிடலாமா?

முதலில் நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் கிடைக்கிறதா பாருங்கள். யூரியா போடுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். பொட்டாசியம் கூடிய கலவைப் பசளையை, சிறிதளவாக, ஈர மண்ணில் இடுங்கள். பூ கிளை நுனியில் வருவதால், வெட்டினால் நுனிகள் பெருகும் என்பது உண்மை. ஆனால் இப்போது வெட்டாதீர்கள். மாரியில் பச்சைக் காயம் அழுகும். தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்ததும் வெட்டுங்கள், இரண்டு மூன்று மாதத்தில் அரும்பு காணலாம். எங்கே வெட்டினாலும் ஒட்டுக்கு மேலேதான் வெட்ட வேண்டும். ஒட்டுக்குக் கீழே வெட்டினால் காசு கொடுத்து வாங்கிய பூ குப்பைக்குப் போய்விடும்.

செங்கலடியிலிருந்து: பெரிய பச்சைப் புழு ஒரே இரவில் இலையெல்லாம் தின்றுவிட்டது.

அலரியில் வரும் அதே புழு. கையால் எடுத்து அகற்றுங்கள், மருந்து தேவையில்லை. இலை மீண்டும் வரும்.

காத்தான்குடியிலிருந்து ஒரு ராத்தா: வீட்டில் தவழும் பிள்ளை இருக்கிறது, தெருவில் ஆடுகளும் வரும். நஞ்சு என்கிறார்களே?

உண்மைதான் ராத்தா. அலரியின் குடும்பம் இது. செடியின் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஆபிரிக்காவில் அம்பு முனைக்குப் பூசினார்கள். பிள்ளை எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டும்போது கையுறை போட்டு, பிறகு சவர்க்காரத்தால் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். வெட்டிய கிளையை வேலிக்கு வெளியே எறிந்தால் ஆடு தின்றுவிடும், ஆகவே புதையுங்கள். பிள்ளை மென்றுவிட்டால் கைமருந்து பார்க்காமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மருதமுனையிலிருந்து: ஓமானின் சலாலாவில் வேலை செய்யும் தம்பி, அங்கே மலையில் காட்டுச் செடியாக நிற்கிறது, கொண்டுவரவா என்கிறான்.

சலாலாவைச் சூழ்ந்த டோபார் மலைகளில் இது இயற்கையாகவே வளர்கிறது, அதனால்தான் அங்கேயே இருக்கட்டும் என்கிறேன். இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முன் அனுமதியும் அந்த நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் கன்றைக் கொண்டுவர முடியாது. பெட்டியில் ஒளித்து வரும் கன்றோடு ஒரு புது நோயும் வந்தால் நம் வயலும் தோட்டமும்தான் தாங்க வேண்டும்.

கல்முனையிலிருந்து ஒரு மாணவி: நானே ஒட்டிப் பார்க்கலாமா அக்கா?

தாராளமாக. மாசி தொடங்கி ஆவணி வரை உலர்ந்த நாளாகப் பார்த்துச் செய்யுங்கள், மகள். விரல் பருமனுள்ள விதைக் கன்றின் தலையைச் சமமாக வெட்டி, நடுவே ஆப்பு வடிவப் பிளவு போடுங்கள். அதே பருமனில் இரண்டு அங்குல ஒட்டுமுளையை எடுத்து, இலைகளை நீக்கி, அடியை ஆப்பாகச் சீவுங்கள். இரண்டின் தோலுக்கு உள்ளே இருக்கும் பச்சை வரி ஒரு பக்கமாவது ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒட்டுப் பிடிப்பது அதில்தான். புதிய பிளேட்டை ஸ்பிரிற்றில் துடைத்துப் பாவித்து, வடியும் பாலை ஒற்றி எடுத்து, பொலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே சிறு பையால் மூடி நிழலில் வையுங்கள். பிடித்திருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளை பச்சையாகத் துளிர்க்கத் தொடங்கும். அதன்பின் பையை ஒரேயடியாக எடுக்காமல், முதலில் வாயை மட்டும் திறந்து சில நாள் காற்றுக்குப் பழக்குங்கள். நாடாவை, இலைகள் நன்றாக விரிந்த பிறகு அவிழ்க்கலாம்.