புற்றுநோய் ஆய்வாளரை மேற்கோள் எண்ணிக்கையால் எடை போடலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மூலக்கூறு உயிரியல் என் துறை. வேலைக்கும் ஆய்வு நிதிக்கும் வரும் விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களிலும் இருந்திருக்கிறேன். மேற்கோள் எண்ணிக்கை என்றால் ஒருவரின் கட்டுரைகளை மற்ற ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை முறை சுட்டியிருக்கின்றன என்ற கணக்கு. இதைப் பற்றி வந்த கேள்விகளில் என்னால் பதில் சொல்ல முடிந்தவை கீழே.

கேள்வி: புற்றுநோய் ஆய்வாளருக்கு எச்-இன்டெக்ஸ் எவ்வளவு இருந்தால் நல்லது?

எண் எதுவும் சொல்ல மாட்டேன். எச்-இன்டெக்ஸ் 30 என்றால், குறைந்தது 30 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவருக்கு 30 இருக்கின்றன, அவ்வளவுதான். 2005-ல் இதைக் கொண்டுவந்த ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். உயிரியலில் இந்த எண் இயற்பியலை விட அதிகமாக வரும் என்று அவரே அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். தவிர இது ஏறுமே ஒழிய இறங்காது, ஆய்வையே நிறுத்திவிட்டவருக்கும் ஏறிக்கொண்டிருக்கும். இருபது வருட அனுபவசாலியையும் நேற்று முனைவர் பட்டம் வாங்கியவரையும் இதை வைத்து ஒப்பிடுவது அநியாயம்.

கேள்வி: அப்படியென்றால் ஒருவரின் கட்டுரைப் பட்டியல் கையில் வந்ததும் எதை முதலில் பார்ப்பீர்கள்?

பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று. எங்கள் துறையில் வழக்கமாக முதல் பெயர் ஆய்வுக்கூடத்தில் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் பதினைந்தாவது பெயராக நிற்பவர் ஒரு மாதிரியைக் கொடுத்து உதவியவராகவும் இருக்கலாம், முக்கியமான கணக்கீட்டை முழுக்கச் செய்தவராகவும் இருக்கலாம், பங்களிப்புக் குறிப்பைப் படித்தால்தான் தெரியும்.

அப்புறம் அவருடைய கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டதை எடுத்து, அதைக் காட்டியிருக்கும் கட்டுரைகளில் சிலவற்றைத் திறந்து, எந்த வரியில் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். முன்னுரையில் "இந்த மரபணு புற்றுநோயில் முக்கியமானது" என்ற வரிக்குப் பின்னால் ஏழெட்டுக் கட்டுரைகளோடு கோத்துப் போட்டிருந்தால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. "இவர்கள் காட்டியபடி அந்தப் புரதத்தை நீக்கினோம், எங்கள் செல்களிலும் வளர்ச்சி நின்றது" என்று முடிவுகள் பகுதியில் வந்தால் அந்த ஒரு மேற்கோள் நூறுக்குச் சமம். மொத்த எண்ணிக்கை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. தயவுசெய்து கட்டுரையைத் திறந்து படியுங்கள்.

கேள்வி: கூகுள் ஸ்காலரில் ஒரு எண், ஸ்கோபஸில் வேறு எண். எது சரி?

இரண்டும் மேற்கோள்களை எண்ணும் தளங்கள், இரண்டும் அதனதன் கணக்குப்படி சரி. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் போடும் கட்டுரை) எல்லாவற்றையும் சேர்க்கும். ஒப்பிடும்போது எல்லோருக்கும் ஒரே தளத்தைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ரிவ்யூ கட்டுரைகளுக்கு வரும் மேற்கோளைக் கழித்துவிட வேண்டும், சரிதானே? அதில் புதுச் சோதனை எதுவும் இல்லையே.

ரிவ்யூ என்பது ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கட்டுரை. கழிக்க வேண்டாம், தனியாக எண்ணுங்கள். புற்றுநோய் ஆய்வாளர்கள் ஹனஹானும் வைன்பெர்க்கும் 2000-ல் செல் இதழில் புற்றுநோயின் ஆறு அடையாளங்களை வகுத்தது ஒரு ரிவ்யூவில்தான். ஒரு துறையே அந்தச் சட்டகத்தை வைத்து யோசிக்கத் தொடங்கியது. 2011-ல் அதை விரிவாக்கி மறுபடி எழுதினார்கள்.

(அதே நண்பர்): அது விதிவிலக்கு. பெரும்பாலான ரிவ்யூக்கள் எண்ணை ஏற்ற எழுதப்படுபவை.

பல அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதனைக் கட்டுரை என்றாலே உயர்வு என்ற உங்கள் அடிப்படையோடு எனக்கு உடன்பாடில்லை. 2012-ல் புற்றுநோய் ஆய்வாளர்கள் பெக்லியும் எல்லிஸும் நேச்சர் இதழில் எழுதியதைப் பாருங்கள்: முக்கியமானவை என்று தேர்ந்தெடுத்த 53 ஆய்வுகளில் ஆறின் முடிவுகளை மட்டுமே பெக்லி முன்பு இருந்த ஆம்ஜென் மருந்து நிறுவனத்தில் உறுதிசெய்ய முடிந்தது.

(இன்னொருவர்): முறைக் கட்டுரைகளை மறந்துவிட்டீர்களே?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஒரு சோதனையை எப்படிச் செய்வது என்று சொல்பவை அவை. புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்க லோரி குழு 1951-ல் எழுதிய கட்டுரைக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைச் சொன்ன 1953 கட்டுரை அதன் பக்கத்தில்கூட வராது. எது பெரிய கண்டுபிடிப்பு என்று யாரும் கேட்கப் போவதில்லை. முறை, ரிவ்யூ, சோதனை மூன்றையும் ஒரே கூட்டலில் போடுவதுதான் தவறு. இந்த வாதத்தை இதோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: எச்-இன்டெக்ஸ் 18, போதுமா?

முதல் பதிலைப் பார்க்கவும்.

கேள்வி: இம்பாக்ட் ஃபேக்டர் அதிகமுள்ள இதழில் வந்தால் கட்டுரையும் தரமானதுதானே?

அது அந்த இதழின் கட்டுரைகளுக்கு வரும் மேற்கோள்களின் சராசரி. ஒரு சில கட்டுரைகளே அதைத் தூக்கி நிறுத்திவிடும். சிஏ என்ற புற்றுநோய் இதழின் எண் நூற்றுக்கணக்கில் போவதற்கு ஆண்டுதோறும் அதில் வரும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரை பெரிய காரணம். ஆளை மதிப்பிட இந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2012-லேயே சான் பிரான்சிஸ்கோவில் ஆய்வு மதிப்பீட்டைப் பற்றிய டோரா பிரகடனத்தை எழுதினார்கள். மறுபடியும் சொல்கிறேன், கட்டுரையைத் திறந்து படியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சிகிச்சை தரும் புற்றுநோய் மருத்துவருக்கு மேற்கோள்களே குறைவு. மாற்ற வேண்டுமா?

இதை வைத்து மாற்றாதீர்கள். சிகிச்சைத் திறமைக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. சந்தேகம் இருந்தால் இன்னொரு புற்றுநோய் மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள், அப்பாவின் மருத்துவரே அதற்கு உதவுவார்.

கேள்வி: மேற்கோளே இல்லாத கட்டுரை வீண்தானே?

இல்லை. கோழியின் புற்றுக்கட்டி வடிகட்டிய திரவத்தின் வழியாகப் பரவுகிறது என்று பெய்டன் ரௌஸ் எழுதியது 1911-ல். வெகுகாலம் அதற்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை. நோபல் வந்தது 1966-ல்.

கேள்வி: எச்-இன்டெக்ஸை வேகமாக ஏற்ற வழி உண்டா?

இதற்கு உதவ மாட்டேன்.

கேள்வி: ஒரு முடிவு தவறு என்று தெரிந்தால் மேற்கோள் நின்றுவிடுமா?

நிற்காது, அதுதான் வேதனை. எம்டிஏ-எம்பி-435 என்ற செல் லைனை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்கள்) மார்பகப் புற்றுநோய் என்று நம்பி ஏராளமான கட்டுரைகள் வந்தன. மரபணுச் சோதனையில் அது எம்14 என்ற மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) செல் லைனோடு ஒத்துப்போனது. அதன் பிறகும் மார்பகப் புற்றுநோய் என்றே போட்டு எழுதியவர்கள் உண்டு. அதனால் யாருடைய கட்டுரையை மேற்கோள் காட்டப் போகிறீர்களோ, அதில் செல் லைனின் அடையாளத்தைச் சோதித்தார்களா என்று செய்முறைப் பகுதியில் தேடுங்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று இதழின் பக்கத்திலேயே பாருங்கள், கணினியில் சேமித்து வைத்த பழைய பிரதியில் அந்த அறிவிப்பு இருக்காது.