5 வாட் டியூப் ஆம்ப்ல டோன் வரல, அடுத்து எந்த பெடல் வாங்கலாம்? பெடல் வேணாம், மொதல்ல ஆம்ப பாருங்க

கேள்வி இதுதான்: ஒருத்தரு செகண்ட் ஹேண்ட்ல 5 வாட் டியூப் ஆம்ப் (வால்வுல ஓடுற கிட்டார் ஆம்ப்ளிஃபையர்) வாங்கியிருக்காரு, கூட ட்யூப் ஸ்க்ரீமர் டைப் ஓவர்டிரைவ் பெடல் (கால்ல அமுக்குற, சத்தத்த கிழியவைக்கிற சின்னப் பெட்டி) ஒண்ணும் இருக்கு, வீடியோல கேக்குற டோன் வரல, கொசு கத்துற மாதிரி இருக்கு, அடுத்து எந்த பெடல் வாங்கலாம்னு கேக்குறாரு.

தயவுசெஞ்சு இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. இதே இடத்துல நான் ரெண்டு வருஷம் நின்னிருக்கேன், ஆறு பெடல் வாங்கியிருக்கேன், அதனாலதான் இதப் பாத்துட்டு சும்மா போக முடியல.

நீங்க அநேகமா ஃப்ளாட்லயோ வாடகை வீட்லயோ இருப்பீங்க. ஆம்ப் கட்டிலுக்குப் பக்கத்துல தரையில இருக்கும். வால்யூம் ரெண்ட தாண்டியிருக்காது, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு பயந்து. அத ஈடுகட்ட பெடல்ல டிரைவ, அதாவது கிழியுற அளவ, முழுசா ஏத்தி வச்சிருப்பீங்க. தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சுக்கோங்க, ஆனா நான் அப்படித்தான் வச்சிருந்தேன், எனக்குத் தெரிஞ்ச நாலஞ்சு பேரும் அப்படித்தான் வச்சிருந்தாங்க.

என் கதைய சொல்றேன். 2009ல சித்தப்பா அமெரிக்காவுலேர்ந்து எபிஃபோன் வால்வ் ஜூனியர் ஒண்ணு கொண்டு வந்தாரு. 5 வாட், 8 இன்ச் ஸ்பீக்கர், உள்ள 12ஏஎக்ஸ்7னு ஒரு வால்வு, இஎல்84னு ஒரு வால்வு, அவ்ளோதான். முன்னாடி ஒரே ஒரு வால்யூம் குமிழ். ட்ரெபிள் இல்ல பாஸ் இல்ல ஒண்ணுமே இல்ல. 120 வோல்ட் ஆம்ப்ங்கறதால நம்ம 230அ 120 ஆக்குற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கி அதுல மாட்டி, பாளையங்கோட்டையில எங்க வீட்டு மாடி ரூம்ல வச்சு வாசிப்பேன். சாயங்காலம் வேலை விட்டு வந்து வாசிச்சா நனைஞ்ச அட்டைப்பெட்டிய தட்டுற மாதிரி சத்தம் வரும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாசிச்சா கொஞ்சம் தேவலாம். அந்த வித்தியாசம் ஏன்னு எனக்கு உறைக்கவே இல்ல, நம்ம மூடுதான் காரணம்னு நெனச்சுக்கிட்டு ஒவ்வொரு பெடலா வாங்கிட்டே இருந்தேன்.

எங்க தெருவுல ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தாரு, அண்ணாச்சினுதான் கூப்பிடுவோம். டிவி ரிப்பேருக்கு வீட்டுக்கு வந்தவரு மாடியில சத்தம் கேட்டு மேல ஏறி வந்தாரு. ஆம்ப திருப்பி பின்பக்கம் பாத்தவரு மொகம் மலர்ந்து போச்சு. "இது இஎல்84ல்லா, அந்தக்காலத்து வால்வு ரேடியோவுல கெடக்கும்லா இது" அப்படின்னாரு. அந்த 12ஏஎக்ஸ்7ஐ அவரு இசிசி83னுதான் சொன்னாரு, ரெண்டும் ஒண்ணுதான், ஐரோப்பாக்காரன் வச்ச பேரு அது. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாரு: "எத்தன வோல்ட்டுடே வருது?" நான் 120னு சொன்னேன். அளந்து பாத்தியானு கேட்டாரு. அளக்கல.

மீட்டர் எடுத்து வச்சாரு. சுவத்துல 230 இருக்கவேண்டிய எடத்துல 190. சாயங்காலம் ஏழு மணி, தெரு பூரா லோடு. ஸ்டெப் டவுன் பெட்டிக்கு அது தெரியாது, உள்ள வர்றத பாதிக்குப் பக்கமா குறைச்சு அனுப்பும், அவ்ளோதான், ஆம்புக்கு வந்தது 99. அப்புறம் உள்ள வால்வ சூடாக்குற ஹீட்டருக்கு எத்தன வோல்ட் வருதுனு அளந்தாரு. அவரு அளந்த விதம் இன்னும் கண்ணுல நிக்குது. ப்ளக்க பிடுங்கி தெறந்து, கெப்பாசிட்டர்ல தேங்கின கரண்ட ஒரு ரெசிஸ்டர் வச்சு இறக்கினாரு, திரும்ப ஆன் பண்ணப்ப இடது கைய பின்னாடி முதுகுல கட்டிக்கிட்டு வலது கை மட்டும் உள்ள போச்சு. ரெண்டு கையும் உள்ள போனா கரண்ட் நெஞ்சு வழியா போகும்டேனு சொல்லிக்கிட்டே அளந்தாரு. 6.3 இருக்கவேண்டியது 5.2 காட்டுச்சு. "வால்வுக்கு சூடே ஏறல, அது எப்பிடிடே பாடும்?"

(இதப் படிச்சுட்டு நீங்க தெறக்காதீங்க. ஆஃப் பண்ணி ப்ளக்க பிடுங்கின பிறகும் உள்ள 300 வோல்ட்டுக்கு மேல தேங்கி நிக்கலாம். அதே மாதிரி ஸ்பீக்கர் வயர கழட்டிட்டு டியூப் ஆம்ப ஆன் பண்ணாதீங்க, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிரும்.)

கீழ போய் ஃப்ரிட்ஜோட ஸ்டெபிலைசர கழட்டிக் கொண்டு வந்து மாட்டினோம், அம்மா கத்தினது தனிக்கதை. அப்புறம் அண்ணாச்சி ஆம்ப தரையிலேர்ந்து தூக்கி ஸ்டூல் மேல வச்சாரு. "காலுக்கா காது இருக்கு, கீழ வச்சு போடுத?" என் பெடல் வயர் எல்லாத்தையும் பிடுங்கிட்டு கிட்டார நேரா ஆம்புல சொருகச் சொன்னாரு, குமிழ அவரே கடிகாரத்துல மூணு மணி முள் நிக்குற பக்கம் திருப்பினாரு. ஒரு இ மேஜர் அடிச்சேன். பக்கத்து அலமாரியில எவர்சில்வர் டம்ளர் எல்லாம் அதிர்ந்துச்சு. மெதுவா அடிச்சா சுத்தமா, அழுத்தி அடிச்சா ஓரத்துல லேசா கிழியுற அந்த சத்தம், நான் ரெண்டு வருஷமா கடை கடையா தேடினது, அந்தப் பெட்டிக்குள்ளயே இருந்திருக்கு.

உடனே சிலர் வருவீங்க, ராக் கிட்டாரிஸ்ட் வேன் ஹேலன் வேரியாக் (வோல்டேஜ கூட்டிக் குறைக்குற ட்ரான்ஸ்ஃபார்மர்) போட்டு வோல்டேஜ குறைச்சுதானே வாசிச்சாருனு. அவரு 100 வாட் மார்ஷல் ஆம்ப முழுசா தெறந்து வாசிக்க அத பண்ணாரு. 8 இன்ச் ஸ்பீக்கர் வச்ச 5 வாட் ஆம்ப மாலை நேரத்து லோ வோல்டேஜ்ல பட்டினி போடுறது வேற விஷயம். மாடலர் (டியூப் ஆம்ப் சத்தத்த டிஜிட்டலா நகலெடுக்குற பெட்டி) வச்சிருக்கவங்களும் சண்டைக்கு வராதீங்க, மாடலர் மோசம்னு நான் சொல்லவே இல்ல, கேட்டவரு டியூப் ஆம்ப் வச்சிருக்காரு, அதுக்குத்தான் பதில்.

சரி உங்க விஷயம். 5 வாட்னா சத்தம் கம்மியா இருக்கும்னு நம்பி வாங்கியிருப்பீங்க, அது அப்படி இல்ல. 15 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 5 டெசிபல்தான். காதுக்கு பாதி சத்தம்னு தோணணும்னா வாட் பத்துல ஒண்ணா குறையணும். அதனால 5 வாட் ஆம்ப் அதோட நல்ல எடத்துக்கு வரும்போது வீட்டுக்குள்ள பலமாவே கேக்கும். வால்யூம் ரெண்டுல வச்சா ஆம்பும் உழைக்கல, உங்க காதும் ஒழுங்கா கேக்கல. கம்மி சத்தத்துல நம்ம காதுக்கு பாஸும் ட்ரெபிளும் குறைச்சலா கேக்கும், ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1933லயே அளந்து எழுதி வச்சிட்டாங்க. மிச்சம் கேக்குறது நடு மட்டும். அதுல ட்யூப் ஸ்க்ரீமர வேற போடுறீங்க, அது பாஸ வெட்டிட்டு 700 ஹெர்ட்ஸ் பக்கத்துல நடுவ தூக்குற பெடல். கொசு அங்கேர்ந்துதான் வருது.

அதே பெடல வேற மாதிரி பயன்படுத்துங்க. ஆம்ப மொதல்ல லேசா கிழியுற எடம் வரைக்கும் ஏத்துங்க, நாள்ல ஒரு மணி நேரமாவது அக்கம்பக்கத்துல சொல்லிட்டு ஏத்துங்க, முடியலனா அட்டெனுவேட்டர் (ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல மாட்டி சத்தத்த மட்டும் குறைக்குற பெட்டி) பாருங்க. அப்புறம் பெடல்ல டிரைவ் கிட்டத்தட்ட பூஜ்யம், லெவல் மேல, டோன் நடுவுல. இப்ப பெடல் ஆம்ப தள்ளிவிடும், கிழியுற வேலைய வால்வு பாத்துக்கும். கிட்டார் வால்யூம ஏழுல வச்சு ஆரம்பிங்க, சோலோவுக்கு பத்து. டிலே (எதிரொலி பெடல்) இருந்தா மிக்ஸ கம்மி பண்ணிருங்க, எஃபெக்ட்ஸ் லூப் (கிழிஞ்ச பிறகு பெடல சேக்குற ஜாக்) இல்லாத ஆம்ப்ல எதிரொலியும் சேந்து கிழிஞ்சு கஞ்சியாயிரும். ஸ்டெப் டவுன் பெட்டி வச்சிருந்தா ஆம்புக்கும் கிட்டாருக்கும் பக்கத்துல வைக்காதீங்க, கிட்டார்ல நரம்புக்குக் கீழ இருக்குற சிங்கிள் காயில் பிக்கப் அதோட இரைச்சல அப்படியே இழுக்கும். கிட்டாரோட நீங்க சுத்தி நிக்கும்போது உம்ம்ம்ங்கறது கூடிக் குறைஞ்சா காரணம் அதுதான்.

இதையும் சொல்லிடறேன், கேள்விக்கு சம்பந்தம் இல்லனு தோணலாம். இப்படி பாடுபட்டு டோன் பிடிச்சு ஒரு லைட் மியூசிக் ட்ரூப்புக்கு போனேன். அங்க கிட்டார் பிட்ட எல்லாம் கீபோர்டுக்காரரு கிட்டார் சத்தம் வர்ற பேட்ச்ல வாசிச்சிட்டாரு, என்ன நேரா மிக்சர்ல சொருகச் சொல்லி என் சத்தத்தோட ஃபேடர அடியில வச்சாங்க, ஆம்ப் வண்டியிலேர்ந்து இறங்கவே இல்ல. கல்யாண மேடையில மூணு மணி நேரம் கை வலிக்க ரிதம் அடிச்சேன், ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. கீபோர்டுல நரம்ப வளைக்க முடியாது, உள்ளங்கைய வச்சு அமுக்க முடியாது, அது கேக்குற ஜனங்களுக்கு தெரியும்னு நான் இன்னும் நம்புறேன்.

அந்த ஆறு பெடல்ல நாலு வித்துட்டேன். வச்சிருக்கறது ஓவர்டிரைவும் பாஸ் (Boss) கம்பெனியோட ஜிஇ-7 ஈக்வலைசரும். 8 இன்ச் ஸ்பீக்கர் பாஸ்ல தொளதொளனு ஆச்சுனா அதுல 100 ஹெர்ட்ஸ கொஞ்சம் இறக்கி 800அ கொஞ்சம் ஏத்துங்க, கச்சிதமாயிரும். ஆனா அதுக்கு முன்னாடி இன்னைக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு உங்க ப்ளக் பாயிண்ட்ல எத்தன வோல்ட் வருதுனு தெரிஞ்ச எலக்ட்ரீஷியன வச்சு அளந்துட்டு, ஆம்ப ஒரு நாற்காலி மேல தூக்கி வச்சு, வெறும் கிட்டாரோட வாசிச்சுப் பாத்துட்டு இங்கயே கீழ எழுதுங்க.