பழைய ஷெவர்லே சி10 பிக்கப்பின் பின்பக்கத்தை இறக்க ஸ்பிரிங்கை வெட்டினால் போதுமா?

போதாது. உங்களுடையது 1971 சி10, பின்னால் நாலு அங்குலம் இறக்க வேண்டும், ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினாலே ஆயிற்று என்று ஒரு மெக்கானிக் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டெக்ஸாஸில் இருக்கிறேன், ஓய்வு நேரமெல்லாம் 1967–72 சி10 வண்டிகளோடுதான் போகிறது. ஸ்பிரிங் வேலை சுலபம். வண்டி இறங்கிய பிறகு ஆக்சில் (பின் சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் அச்சு) எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. அதைப் பார்க்காமல் விட்ட வண்டிதான் நெடுஞ்சாலையில் அதிரும், பள்ளத்தில் டம்மென்று இடிக்கும்.

முதலில் அடியில் படுத்துப் பாருங்கள். அந்த வருடங்களில் வந்த சி10-இல் பின்னால் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங்தான், ஆனால் லீஃப் ஸ்பிரிங் (எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) கேட்டு வாங்கியவர்களும் உண்டு. ஷெவர்லேயின் சகோதர வண்டியான அதே காலத்து ஜிஎம்சியில் லீஃப்தான் அதிகம். 1973-இல் புது உடம்பு வந்தபோது சி10-உம் லீஃபுக்கு மாறிவிட்டது. அந்த 1973–87 வண்டிகளில் ஆக்சிலுக்கு மேலே ஸ்பிரிங் இருக்கும். அதைப் புரட்டி ஆக்சிலை ஸ்பிரிங்கின் மேல் உட்கார வைத்தால் ஒரே வேலையில் அஞ்சாறு அங்குலம் இறங்கும். அது தனிக் கதை. உங்களுடையது சுருள் என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

வெட்டாதீர்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும், எவ்வளவு இறங்கும் என்பதும் கையில் இருக்காது, வெட்டிய முனை ஸ்பிரிங்கைத் தாங்கும் இடத்தில் ஒழுங்காக அமராது. காஸ் பிடித்துச் சூடாக்கி அமுக்குவது அதைவிட மோசம், எஃகின் பதமே போய்விடும். நாலு அங்குலம் இறங்குவதற்கென்றே சுருட்டிய ஸ்பிரிங் ஜோடியாகக் கிடைக்கிறது. சேஸியை (வண்டியின் அடிச்சட்டத்தை) ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ், குறுக்கே போகும் பேன்ஹார்ட் தண்டு (அதைக் கீழே சொல்கிறேன்) மூன்றையும் கழற்றி ஆக்சிலை ஜாக்கியில் மெல்ல இறக்கினால் பழைய ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வரும்.

இந்த வண்டியில் ஆக்சிலைப் பிடித்திருப்பவை இரண்டு நீண்ட கைகள். வண்டியின் நடுவில், டிரைவர் சீட்டுக்கு அடிப்பக்கம் அருகருகே தொடங்கி, பின்னால் ஆக்சிலின் இரு முனைகளை நோக்கி விரியும். அமெரிக்காவின் நாஸ்கார் கப் பந்தய வண்டிகளும் 2021 வரை பின்னால் இதே அமைப்பில்தான் ஓடின. அங்கே அதற்குப் பெயரே டிரக் ஆர்ம். சரக்கு வண்டிக்காக யோசித்த ஒன்று பந்தயத்தில் அத்தனை காலம் நின்றது என்றால் எவ்வளவு நல்ல அமைப்பு என்று பாருங்கள். அதைப் பிடுங்கிவிட்டு வேறு எதையோ மாட்டச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கைகள் முன்னும் பின்னும் பிடிக்கும். பக்கவாட்டில் பிடிப்பது சேஸிக்கும் ஆக்சிலுக்கும் குறுக்கே போகும் பேன்ஹார்ட் தண்டு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தண்டின் ஒரு முனை சேஸியில் நிலையாக இருப்பதால் மறுமுனை வட்டமாகத்தான் நகர முடியும். ஆக்சில் மேலே வரும்போது கொஞ்சம் பக்கவாட்டிலும் நகரும். கணக்குக்கு, 20 அங்குலத் தண்டு மட்டத்திலிருந்து 4 அங்குலம் சாய்ந்தால் ஆக்சில் 0.4 அங்குலம் ஒதுங்கும். 40 அங்குலத் தண்டு என்றால் 0.2 தான். தொழிற்சாலைத் தண்டு குட்டை. நீளமான, திருகி நீளத்தைச் சரிசெய்யும்படியான தண்டு வாங்குங்கள். ஸ்பிரிங்குக்கு அடுத்த செலவு இதுதான் என்பேன். மாட்டியதும் இரண்டு பக்கமும் ஃபெண்டர் விளிம்பிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகும்வரை திருகுங்கள். பின்னால் உள்ள சரக்குப் பெட்டியே கோணலாக மாட்டியிருந்தால் அளவு ஏமாற்றும், அதனால் சேஸியிலிருந்தும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

அப்புறம் டிஃபரன்ஷியலின் மூக்கு, அதாவது ஆக்சிலின் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டியில், கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் மாட்டும் முன்முனை. கைகள் முன்முனையில் சுழல்வதால், பின்னால் ஆக்சில் உயர உயர மூக்கு கீழே குனியும். கை 50 அங்குலம், இறக்கம் 4 அங்குலம் என்றால் நாலரை டிகிரி போல வரும். ஷாஃப்ட் முனையில் மடங்கும் மூட்டான யூ ஜாயின்ட்டுக்கு அது தாங்காது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சீட்டுக்கு அடியில் உறுமல் கேட்கும். கியர்பாக்ஸ் வெளிவரும் கோணமும் டிஃபரன்ஷியல் மூக்கின் கோணமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஜாயின்ட் மடங்கும் கோணம் ஒன்றிலிருந்து மூன்று டிகிரிக்குள் இருந்தால் நல்லது. பூஜ்யமும் ஆகாது, உள்ளே ஊசி பேரிங் உருள வேண்டுமே. கைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே சாய்வான இரும்பு ஆப்பு வைத்து மூக்கைத் தூக்கலாம். 127 அங்குல வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) கொண்ட நீள வண்டியாக இருந்து, ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடு பேரிங்கின் உயரத்தையும் பார்க்க வேண்டும்.

நாலு அங்குலம் இறங்கியபின் ஆக்சிலுக்கும் அதன் மேலே போகும் சேஸிக்கும் நடுவே மிஞ்சும் இடம் மிகக் குறைவு. ஏற்கெனவே யாரோ இறக்கிய வண்டியை வாங்கினால் அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள்: ஆக்சில் சேஸியில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் பாதி நொறுங்கி, சேஸியின் அடிவிளிம்பில் பெயின்ட் போய் இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கும். இதற்குத்தான் சி-நாட்ச்: சேஸியின் அடியில் அரைவட்டமாக வெட்டி, கனமான தகட்டை உள்ளே பொருத்தி அந்த இடத்தைத் திரும்பப் பலப்படுத்துவது. ஒரு பக்கம் முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்டுங்கள், வெட்டும் இடத்துக்கு இருபுறமும் சேஸியைத் தாங்கி வையுங்கள். பிரேக் குழாய் பக்கத்திலேயே போகும், ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள். இந்த மாடலில் பெட்ரோல் டாங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. தீப்பொறி பறக்கும் வேலை என்பதை மறக்க வேண்டாம்.

ஷாக்கும் மாற வேண்டும். பழைய நீள ஷாக் பாதி அமுங்கிய நிலையிலேயே நிற்கும், கொஞ்சம் குலுங்கினாலும் அடி தட்டும். குட்டையானது வாங்குங்கள், அல்லது மேல் பிராக்கெட்டை இடம் மாற்றுங்கள்.

கைகளின் முன்பக்க புஷ் (சுழலும் இடத்து ரப்பர் உறை) போல்ட்டையும் பேன்ஹார்ட் போல்ட்டையும் வண்டி தன் டயரில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். ஆக்சில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். மேலே சொன்ன கோணங்களையும் அதே நிலையில்தான் அளக்க வேண்டும். வாராவாரம் மண்ணோ செங்கல்லோ ஏற்றுகிற வண்டி என்றால் நாலு அங்குலம் வேண்டாம், இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.