மலேசிய அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் கச்சா எண்ணெய் உற்பத்தி உள்நாட்டில் குறைந்து வெளிநாட்டில் கூடினால், நாட்டைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தமா?

இல்லை.

ஒற்றைச் சொல் போதும் என்பவர்கள் இங்கேயே போய்விடலாம். எனக்குத்தான் "கைவிட்டுவிட்டது" என்ற சொல்லைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. கேள்வியின் தொனியைப் பார்த்தால், எஸ்டிபிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டு, பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம் இருக்கிற ஸ்ரீ இஸ்கந்தாரில் போய்ப் பெட்ரோலியம் எஞ்சினியரிங் படிக்கலாமா என்று யோசிக்கிற பிள்ளை மாதிரி இருக்கிறது. இல்லையென்றால் அந்தப் பிள்ளையின் அப்பா. 2025 ஜூனில் 5,000 பேருக்கு மேல் குறைக்கப் போகிறோம் என்று பெட்ரோனாஸ் அறிவித்ததிலிருந்து, செந்தூலில் எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று வீடுகளில் இதே பேச்சுதான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் "நீ யார் இதைச் சொல்ல?" என்று வரக் கூடாது. நான் எஞ்சினியர் இல்லை. டிப்ளோமாதான். 2008 முதல் 2016 வரை திரங்கானு கடலில் எண்ணெய் எடுக்கும் ஒரு பிளாட்ஃபார்மில் ஆப்பரேட்டராக இருந்தேன், அதுவும் கான்ட்ராக்டர் ஆளாக. கழுத்தில் மாட்டும் பாஸின் நிறமே வேறு. ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் என் அத்தை "மாப்பிள்ளை பெட்ரோனாஸ்" என்று சொல்லி வைத்துவிட்டார். இரட்டைக் கோபுரத்தில் எத்தனையாவது மாடி என்று பெண் வீட்டார் கேட்டார்கள். கோபுரம் எந்தப் பக்கம் இருக்கிறது, நான் எந்தப் பக்கம் இருக்கிறேன்! கேஎல்லிலிருந்து (கோலாலம்பூர்) இரவு பஸ் ஏறிக் கெர்த்தே போய், அங்கிருந்து ஹெலிகாப்டரில் கடலுக்குள் போகிறவன் நான். பதினான்கு நாள் அங்கே, பதினான்கு நாள் வீட்டில். கல்யாணம் நடந்தது, அது வேறு கதை. இன்று வரை மாமனார் பெட்ரோல் விலை ஏறினால் என்னைத்தான் முறைக்கிறார்.

என் வேலையில் முக்கியமானது சாம்பிள் எடுப்பது. ஒரு பிளாட்ஃபார்மில் பல கிணறுகள் இருக்கும். எல்லாம் ஒரே குழாயில் சேர்ந்துதான் கரைக்கோ கப்பலுக்கோ போகும். எந்தக் கிணறு எவ்வளவு தருகிறது என்று தெரிய, ஒவ்வொன்றையும் முறை வைத்துத் தனியாகச் சோதனைக் கலனுக்குத் திருப்பிவிட்டு எண்ணெய், தண்ணீர், வாயு என்று பிரித்து அளக்க வேண்டும். கூடவே கிணற்றுத் தலையில் ஒரு போத்தல் பிடித்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி இயந்திரத்தில் சுழற்றினால், கறுப்பு மேலேயும் தண்ணீர் கீழேயும் நிற்கும். கீழே எத்தனை கோடு என்று பார்த்து எழுதுவேன். நான் சேர்ந்தபோது 60-ஐ ஒட்டி இருந்த கிணறு ஒன்று, கிளம்பும்போது 85-ஐத் தாண்டியிருந்தது. அதாவது நூறு பங்கு மேலே வந்தால் 85 பங்கு தண்ணீர். யாரும் ஊற்றவில்லை. எண்ணெய் வெளியேற வெளியேற, அடியில் இருக்கும் தண்ணீர் அந்த இடத்துக்கு ஏறி வருகிறது.

இதை என் அப்பாவிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது: "யாருடா தண்ணி கலக்குறான்?"

சிரிக்காதீர்கள். அப்பா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் மரம் சீவியவர். பாலில் தண்ணீர் கலந்து எடையைக் கூட்டுகிற ஆட்கள் உண்டு என்பதால், ஸ்டோரில் கிராணி மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்த்துத்தான் கணக்கு எழுதுவாராம். கலக்காத ஆளுக்கும் திட்டு விழும். ஏனென்றால் கிழட்டு மரம் இருக்கிற நிரை ஒருவனுக்குக் கிடைத்தால், அவன் எவ்வளவு பாடுபட்டாலும் வாளி நிறையாது. மேற்பார்வை பார்க்கிற மண்டோர் வந்து "நேத்து அவன் எவ்வளவு, நீ எவ்வளவு?" என்பார். மரத்தின் வயதை யாரும் கேட்பதில்லை. அப்பாவுக்கு அது இன்னும் ஆறவில்லை. அதனால் நான் கிணற்றின் வயதைச் சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்போ ரீபிளாண்டிங் பண்ணணும்ல?" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்த ஆண்டறிக்கையும் சொல்லி நான் பார்த்ததில்லை.

உள்நாட்டு எண்ணெயின் கதை அதுதான். சரவாக்கின் மீரியில் முதல் கிணறு எண்ணெய் தந்தது 1910-இல். தீபகற்பத்தின் கிழக்குக் கடலில் தாப்பிஸ் வயலைக் கண்டுபிடித்தது 1969-இல், எண்ணெய் வரத் தொடங்கியது 1978-இல். பெட்ரோனாஸ் பிறந்ததே 1974-இல்தான். அப்படியென்றால் எங்கள் பக்கத்து வயல்களில் பல, நான் போய் இறங்கும்போதே நடுவயதைத் தாண்டியவை. வாயுவோடு வந்து திரவமாகிற லேசான எண்ணெயான கண்டென்சேட்டையும் சேர்த்து நாட்டின் உற்பத்தி 2004-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போனது, நாளொன்றுக்கு 7 லட்சம் பீப்பாய்க்கு மேல். இப்போது 5 லட்சத்தை ஒட்டித்தான் நிற்கிறது. இடையில் சபா கடலில் புது மரம் நட்டார்கள்: ஆழ்கடல் வயலான கிக்கே 2007-இலும், குமுசுட்-ககாப் முழு வீச்சில் 2014-இலும் வந்தன. அவை வந்த வருடங்களில் வரைபடம் கொஞ்சம் நிமிரும், அப்புறம் பழையபடி சாயும். கிழட்டு மரத்துக்கு மருந்து பூசிப் பால் இறக்குவதும் உண்டு. தாப்பிஸில் 2014-இல் தண்ணீரையும் வாயுவையும் மாற்றி மாற்றி அடியில் செலுத்தி, தங்கிப்போன எண்ணெயைத் தள்ளி எடுக்கும் வேலை தொடங்கியது. மருந்து பூசினால் பால் வரும், மரத்தின் வயது குறையாது.

ஆகவே "உள்நாட்டில் இத்தனை சதவீதம் சரிவு" என்று படித்தால் யாரோ தூங்கிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் இன்னும் வேகமாகச் சரியும். ஒரே அளவில் பிடித்து வைப்பதற்கே ஓட வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுக் கணக்கு இதைவிடச் சிக்கல். பலர் இரண்டையும் ஒரே தராசில் போடுகிறார்கள்.

சூடானை எடுங்கள். அங்கே பெரிய கூட்டு நிறுவனத்தில் பெட்ரோனாஸுக்கு 30 சதவீதம், சீன அரசு எண்ணெய் நிறுவனமான சிஎன்பிசிக்கு 40. சுமார் 1,600 கிலோமீட்டர் குழாய் போட்டு, 1999-இல் செங்கடல் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏற்றினார்கள். வெளிநாட்டு உற்பத்தி என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசிய காலம் அது. 2011-இல் தெற்கு தனி நாடானது. எண்ணெயில் முக்கால் பங்கு தெற்கில், குழாயும் துறைமுகமும் வடக்கில். குழாய்க் கட்டணத்தில் சண்டை வந்து, 2012 ஜனவரியில் தெற்கு சூடான் தன் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. மறுபடி திறந்தது 2013 ஏப்ரலில். அந்த நிறுத்தத்தால் வெளிநாட்டு உற்பத்தி விழுந்ததற்கும் கிணற்றுக்கும் சம்பந்தமே இல்லை. திறந்த அதே வருடம் டிசம்பரில் அங்கே உள்நாட்டுப் போர். கடைசியில் 2024 ஆகஸ்ட்டில் தெற்கு சூடானை விட்டு வெளியேறுவதாகப் பெட்ரோனாஸ் அறிவித்தது. கோலாலம்பூரில் யாரும் ஒரு வால்வைக்கூடத் தொடாமல் எண்கள் ஏறி இறங்கின.

ஈராக் வேறு மாதிரி. கராஃப் வயலை 2009 ஏலத்தில் எடுத்து, ஜப்பானிய நிறுவனத்துடன் சேர்ந்து 2013-இல் எண்ணெய் எடுத்தார்கள். ஏற்றுக்கொண்ட கூலி பீப்பாய்க்கு 1.49 அமெரிக்க டாலர். செலவைத் தனியாகத் திருப்பித் தருவார்கள், அது சரி. ஆனால் எண்ணெய் ஈராக்குடையது. அப்பா பாஷையில் சொன்னால், அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்குச் சீவுவது. வாளி நிறைகிறது என்பதற்காக மரம் நம்முடையதாகிவிடாது. கராஃபில் ஒரு பீப்பாய் கூடுவதும் திரங்கானுவில் ஒரு பீப்பாய் குறைவதும் கணக்கில் சமமாகத் தெரியலாம், கல்லாவில் சமம் இல்லை.

இன்னொன்று. எண்ணெயை நாடும் நிறுவனமும் பங்கு போட்டுக்கொள்கிற உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம் இருக்கிற இடங்களில், போட்ட செலவை எண்ணெயாகவே எடுத்துக்கொள்வார்கள். விலை பாதியானால் அதே செலவை ஈடுகட்ட இரண்டு மடங்கு பீப்பாய் வேண்டும். அதனால் வயலில் ஒரு சொட்டு கூடாமலே நிறுவனத்தின் பங்கு கூடியதாகக் காட்டும் வருடங்கள் வரும். இதைக் கேட்டபோது நானே நம்பவில்லை. பிளாட்ஃபார்ம் மேலாளர் ஒருவர் காகிதத்தில் போட்டுக் காட்டினார்.

குறைப்பது சொல்லி வைத்தும் நடக்கும். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கில் மலேசியா உறுப்பினர் இல்லை. ஆனாலும் 2017 தொடக்கத்திலிருந்து நாளுக்கு 20,000 பீப்பாய் குறைக்க ஒப்புக்கொண்டது. கோவிட் நேரத்தில், 2020 மே, ஜூனில் இன்னும் பெரிய வெட்டு. விலையைத் தூக்கி நிறுத்த உலகமே சேர்ந்து வால்வை மூடியதை நிறுவனத்தின் தோல்வி என்று எழுதினால் என்ன செய்வது?

சதவீதத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் குடியிருக்கும் அடுக்குமாடி பிளாட்டில் பராமரிப்புக் கட்டண வசூல் போன வருடத்தைவிடக் கூடியிருக்கிறது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கீழ் மாடியில் பெரிய எழுத்தில். லிஃப்ட் நான்கு மாதமாக ஓடவில்லை. முழங்கால் வலியோடு அப்பா ஒன்பது மாடி ஏறுகிறார். கூட்டத்தில் எழுந்து, "எத்தனை வீட்டுக்காரர் கட்டணம் கட்டினார்கள், எவ்வளவு பாக்கி, பணம் எங்கே?" என்று கேட்டால், "அண்ணே, சதவீதம்தான் போட்டிருக்கோமே" என்கிறார் செயலாளர். அடி எண்ணைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்கிறவரை நம்பக் கூடாது என்று அன்றைக்கு எழுந்து சொன்னேன். அதிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். சும்மா ஒரு கற்பனைக் கணக்கு: உள்நாட்டில் 100 மூட்டை, வெளிநாட்டில் 10 மூட்டை. உள்நாடு 5 சதவீதம் சரிந்து வெளிநாடு 30 சதவீதம் ஏறினால் தலைப்பு எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். மொத்தத்தில் இரண்டு மூட்டை நட்டம். இன்னும் ஒரு குழப்பம்: பெட்ரோனாஸ் சொல்லும் மொத்த உற்பத்தி, நாளுக்கு 2.4 மில்லியன் பீப்பாயை ஒட்டியது, வெறும் கச்சா எண்ணெய் இல்லை. வாயுவையும் எண்ணெய்க்குச் சமமாக மாற்றிக் கூட்டியது. சுமார் 6,000 கன அடி வாயு ஒரு பீப்பாய். அதில் பெரும்பங்கு வாயுதான்.

இப்போது என் புண்ணுக்கு வருகிறேன். 2014 நடுவில் 110 டாலருக்கு மேல் இருந்த பீப்பாய் 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போனது. பெட்ரோனாஸ் நான்கு வருடத்தில் 50 பில்லியன் ரிங்கிட் செலவைக் குறைப்பதாகச் சொன்னது. மார்ச்சில் எங்கள் கான்ட்ராக்டர் கம்பெனி கேஎல் அலுவலகத்துக்கு எங்களில் பதினொரு பேரைக் கூப்பிட்டு வேலைநீக்கக் கடிதம் வைத்த உறை கொடுத்தது. பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். கடிதத்தில் காரணம்: "உற்பத்திக் குறைவு."

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. முந்தைய நவம்பரில்தான் எங்கள் பிளாட்ஃபார்மில் புதுக் கிணறு ஒன்றை இணைத்திருந்தோம். பிப்ரவரி உற்பத்தி அதற்கு முந்தைய வருடத்தைவிட அதிகம். அந்த எண்ணை எழுதிய கை இது! அந்தப் பெண்ணிடம், பாவம், மனிதவளத்தில் இருக்கிற சின்னப் பிள்ளை, சொன்னேன்: "தங்கச்சி, உற்பத்தி குறையல, விலைதான் குறைஞ்சிருக்கு." அவர், "அதெல்லாம் ஃபார்மட், அண்ணே" என்றார். விலை விழுந்ததால் ஆளைக் குறைக்கிறோம் என்று எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன். போட்டேன்தான், ஆனால் இன்னும் உறுத்துகிறது.

பெட்ரோனாஸுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது வருவார்கள். வாங்கவில்லை. திரங்கானு, சபா, சரவாக்குக்கு 5 சதவீத ராயல்டி போதுமா, எண்ணெய்ப் பணம் எங்கே போகிறது என்பதெல்லாம் நியாயமான கேள்விகள், தனியாகக் கேளுங்கள். உற்பத்தி எண்ணை வைத்து அந்த வழக்கை நடத்தாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அப்பா ஒருநாள் கேட்டார், "எத்தன பங்கு தண்ணி ஆனா கெணத்த மூடுவாங்க?" அதற்குக் கோடு கிடையாது, தண்ணீரைப் பிரிக்கிற செலவைவிட எண்ணெய் விலை கீழே போனால் மூடுவார்கள், 100 டாலரில் பிழைக்கிற கிணறு 30 டாலரில் செத்துப்போகும் என்றேன். "ரப்பர்லயும் அதான். வெல ஏறின வருசம் கெழட்டு மரத்தையும் விடல, ஏணி வெச்சு மேல சீவச் சொன்னான்" என்றார்.

பிள்ளை படிக்கலாமா என்பதுதான் உண்மையான கேள்வி என்றால், படிக்கட்டும். கிணறு கிழடானால் வேலை கூடத்தான் செய்கிறது: தண்ணீரைப் பிரிக்க, வாயு செலுத்த, கடைசியில் சிமெண்ட் போட்டு மூட. என்னோடு அன்று உறை வாங்கிய ஒருவன் இப்போது கெமாமானில் இருந்துகொண்டு கிணறு மூடும் வேலைக்குத்தான் போகிறான். கை நிறைய ஓவர்டைம். கழுத்தில் அதே கான்ட்ராக்டர் பாஸ்.