தாத்தாவின் மறதியும் மகளின் பாடத் தேர்வும்

மதிப்பிற்குரிய அம்மா,

தொடக்கக் கல்லூரியில் மகள் எந்தப் பாடங்களை எடுப்பது, மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கலங்கிக் கேட்டிருந்தீர்கள். அதற்கான விடை உங்கள் மகளின் பேச்சிலேயே இருக்கிறது. பார்க்கின்சன் நோயுள்ள தாத்தாவைத் தேக்கா ஈரச்சந்தைக்கு அழைத்துச் சென்ற அன்று, மாத்திரை போட்ட முக்கால் மணி நேரத்தில் அவர் நடை சீராகிவிட்டதாம். ஆனால், மீன்கடைக்காரர் தந்த சில்லறையை உள்ளங்கையில் பரப்பி, எண்ணத் தொடங்குவதும் பாதியில் விடுவதுமாக நின்றாராம். மருந்துக்குக் கால் கட்டுப்படும்போது கணக்கு ஏன் கட்டுப்படவில்லை என்று உங்கள் மகள் என்னிடம் கேட்டார்.

அது அருமையான கேள்வி. மூளைச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமினை நடுமூளையில் சுரக்கும் செல்கள் அழிவதால்தான் நடுக்கமும் விறைப்பும் வருகின்றன. 1960இல் வியன்னா ஆய்வாளர்களான எஹ்ரிங்கரும் ஹோர்னிகீவிச்சும், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருந்ததைக் காட்டிய பிறகே, மூளையில் டோபமினாக மாறும் மருந்தான லெவோடோபா சிகிச்சைக்கு வழி பிறந்தது. திட்டமிடுவதிலும் கவனத்தை மாற்றுவதிலும் டோபமினுக்குப் பங்குண்டு. ஆயினும் நோய் பரவுகையில், நினைவுக்கும் கவனத்துக்கும் உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை முன்மூளையின் அடியிலிருந்து மூளையின் மேலடுக்கான புறணிக்கு அனுப்பும் செல்களும், விழிப்பைக் காக்கும் நாரட்ரீனலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களும் சிதைகின்றன. அந்தக் குறையை லெவோடோபா நிரப்பாது. இருக்கும் அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் காக்கும் ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து இந்நோயின் மறதிக்குத் தரப்படுவதும், அசிட்டைல்கோலினை முடக்கும் பழைய நடுக்க மருந்துகளை முதியவர்களுக்குத் தர மருத்துவர்கள் தயங்குவதும் இதனால்தான்.

ஆகவே, மகளின் கேள்விக்கான விடை மூளையின் வேதிப்பொருள்களில் இருப்பதால், கடினம் என்று அஞ்சி, தொடக்கக் கல்லூரியின் எச்2 நிலை வேதியியலை விட்டுவிட வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை; உயிரியலும் உடனிருந்தால் நல்லது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல், உயிர் அறிவியல் படிப்புகளும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் அறிவியல் படிப்பும் இந்தக் கேள்விக்கு நேராக இட்டுச்செல்பவை. மருத்துவ ஆசை பட்டத்துக்குப் பிறகும் நீடித்தால், பட்டதாரிகளைச் சேர்க்கும் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி இருக்கிறது. அறிவியலைவிடத் தாத்தாவின் கையிலிருந்த சில்லறைதான் மகளை வருத்துகிறது என்றால், அன்றாட வேலைகளைச் செய்ய நோயாளிகளுக்கு உதவும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபியைக் கற்பிக்கும் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகப் படிப்பையும் பாருங்கள். அதை இரண்டாந்தரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தாத்தாவின் அடுத்த பரிசோதனைக்கு மகளையும் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை, மாத்திரை போட்ட நேரம், நடை சீரான நேரம், தடுமாறிய நேரம் ஆகியவற்றை மகள் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரட்டும். மருந்தில் நீங்களாக எதையும் மாற்றாமல், அந்தக் குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.